படகு ஓடிய நாள்

அன்புள்ள டேவிட்,

இன்று காலை எழுந்து முகம் கழுவியதும், தேநீர்கூடப் போடாமல், உன் நற்சாட்சிப் பத்திரத்தை எழுத உட்கார்ந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நீ மிங்கலாடோனில் விமானம் ஏறுவதற்குள் அது போதகரின் கையெழுத்தோடு உன் பையில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்கு இது எதற்கம்மா என்று நீ சிரித்தாய். வேலைக்கு இல்லை, அங்கே நீ சேரப்போகும் சபைக்கு. நம் சபையிலிருந்து வெளியூர் போகிற எவரும் இந்த ஒரு தாள் இல்லாமல் போனதில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அதை எழுதுகிறவள் நான். வாசகம் மனப்பாடம். பெயர், ஞானஸ்நானம் பெற்ற விவரம், திருவிருந்தில் சேர்ந்த விவரம், அதன்பின் ஒரு வரி: 'இவர் தம் வீட்டாரோடும் உறவினரோடும் சமாதானமாக இருக்கிறார் என்று சாட்சி சொல்கிறோம்.' எத்தனையோ பேருக்கு அந்த வரியை யோசிக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்று உன் பெயருக்குக் கீழே எழுதக் கை வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வேறு தாள் எடுத்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

பர்மிய மொழியில் எழுதினால் நீ ஒரே மூச்சில் வாசித்துவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். இது மெதுவாக வாசிக்க வேண்டியது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் புயல் அடித்து ஓய்ந்த நாலாம் நாள் உனக்கு நினைவிருக்கும். நம் மேல்மாடிக் கூரையில் பாதித் தகரம் தெருவில் கிடந்தது. கீழிருந்து யாரோ கயிற்றை இழுத்தார்கள், பால்கனியில் மணி அடித்தது. நீதான் இறங்கிப் போனாய். அரிசியும் ஒரு பெரிய தார்ப்பாயும் சுமந்துகொண்டு ஜேம்ஸ் மாமா நின்றார். ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், அவருடைய சைக்கா ரிக்‌ஷா பட்டறையே சரிந்து கிடந்த நேரம் அது. நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசியது படிக்கட்டு வழியாக அப்படியே மேலே கேட்டது.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களாடா? அம்மா எப்படி இருக்கா?"

"தாத்தாவை அடக்கம் பண்ணவே வராதவரு, தகரம் பறந்ததுக்கு வந்துட்டீங்களா?"

அப்புறம் அவர் குரல்: "சொல்லியிருந்தா வந்திருப்பேன்டா."

நீ மேலே வந்து, "சொல்லியிருந்தா வந்திருப்பாராம்மா! டாலா என்ன டெல்லியிலயா இருக்கு?" என்று சொல்லிச் சிரித்தாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை. "கையைக் கழுவிட்டு உட்காரு" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் படிக்கட்டிலேயே வைத்துவிட்டுப் போன தார்ப்பாயைத்தான் அந்த மழைக்காலம் முழுக்க நம் தலைக்கு மேல் கட்டியிருந்தோம். நம் பழைய போதகர் டொமினி ஐயாவின் காகிதங்கள் அடங்கிய நான்கு தகரப் பெட்டிகளும் அதன் அடியில்தான் நனையாமல் கிடந்தன. அந்தப் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த பிழை அதில் ஒன்றுக்குள் இருக்கிறது.

டொமினி ஐயாவை உனக்குப் பெப்பர்மிண்ட் ஐயாவாகத்தான் தெரியும். அவர் போனபோது உனக்கு ஏழு வயது. பிரசங்கத்தை எப்போதும் மூன்று பகுதியாகப் பிரிப்பார். ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார். அவருடைய டச்சு நாட்டில் கோவிலில் அப்படித்தான் வழக்கமாம். மூன்றாவது மிட்டாய் வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நீங்கள் எல்லாரும் கணக்கு வைத்திருந்தீர்கள். இளம் போதகராகக் கப்பலில் வந்து இறங்கினவர். அங்கிருந்து வந்த மற்றவர்கள் எல்லாம் திரும்பிப் போக வேண்டிவந்த காலத்தில் இவர் எப்படியோ தங்கிவிட்டார். கையில் இருந்தது வெளிநாட்டவர் பதிவு அட்டை. வருடாவருடம் அதைப் புதுப்பிக்க நம் ஆட்கள் நிற்கிற அதே வரிசையில், இடுப்பில் கட்டிய லோஞ்சியின் முடிச்சு நழுவ நழுவ, அவரும் நிற்பார். உன் தாத்தா பக்கத்தில் நின்று, "உங்களுக்கு என்ன ஐயா, நினைச்சா கப்பல் ஏறலாம்" என்பாராம். "யாக்கோபு, நீ இங்கே பிறந்து வெளிநாட்டவன். நான் அங்கே பிறந்து வெளிநாட்டவன். வரிசை ஒன்றுதானே, தள்ளி நில்" என்பாராம் அவர். புத்தகத்தில் கற்ற தமிழ். மீன்காரியிடம் விலை பேசும்போது மட்டும் நல்ல பர்மிய மொழி வரும்.

நான் கல்லூரி முடித்த சமயம் அவருக்குக் கண் போய்விட்டது. நான்தான் வாசித்துக் காட்டவும் எழுதவும் போனேன். பிரசங்கங்களைப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதுவோம். ஆனால் ஒன்றை மட்டும் நல்ல கட்டுப் போட்ட நோட்டில்தான் எழுதச் சொல்வார், அது வீடு சந்திப்பு நோட்டு. வருடத்துக்கு ஒரு முறை, பெரிய திருவிருந்துக்கு முன்னால், அவரும் மூப்பர் தானியேலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போவார்கள். ஜெபம் பண்ணிவிட்டு வருகிற சந்திப்பு இல்லை இது. உட்கார்ந்து கேட்பார்கள்: இந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை? யாருக்குச் செய்த தவறு இன்னும் சரி செய்யாமல் இருக்கிறது? தீராத பகையோடு யாரும் பந்தியில் உட்காரக் கூடாது என்பது அவர் பிடிவாதம். மறுநாள் வீடு வீடாக அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒவ்வொரு வீட்டுக்குக் கீழும் இரண்டு வரி இடம் விட வேண்டும். "பிறகு வருவதற்கு" என்பார். சண்டை தீர்ந்தால் அந்த இடத்தில் எழுதுவோம். கடைசியில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். அவர் விரலைப் பிடித்து எந்த இடத்தில் போட வேண்டும் என்று காட்டுகிறவளும் நான்தான்.

இனி உன் தாத்தா இறந்ததைச் சொல்கிறேன். நீ கேட்டு வளர்ந்த கதை, எண்பத்தெட்டில் ஊர் கொந்தளித்துக் கிடந்த மழைக்காலத்தில் தாத்தா போய்விட்டார், மூத்த மகன் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தும் வரவில்லை என்பது. அதில் முதல் பாதி உண்மை.

என் அண்ணன், உன் ஜேம்ஸ் மாமா, மா தின்னைக் கல்யாணம் செய்துகொண்டு டாலாவில் குடியேறி ஆறு வருடம் ஆகியிருந்தது. பௌத்தப் பெண்ணைக் கட்டினார் என்று தாத்தா அவரை வீட்டுக்குள் விடவில்லை. தாத்தா பக்கவாதத்தில் விழுந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வந்து கீழ்ப்படியில் நின்று, "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுப் போவார். இரண்டு வருடம் தாத்தாவுக்கு மலம் எடுத்தது, குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் நான். அவர் எனக்கு ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கஞ்சி சூடு, கஞ்சி ஆறிப்போச்சு, இவ்வளவுதான் பேச்சு. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் என் கையைப் பிடித்தார். எனக்குத்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். "ஜேம்ஸை வரச் சொல்லும்மா" என்றார்.

"படகு ஓடலைப்பா" என்றேன். அன்றைக்கு அது உண்மை. கலவரத்தால் இரண்டு நாளாகப் படகு நின்றிருந்தது.

புதன்கிழமை விடியும்போது அவர் போய்விட்டார். நான் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துறைப்பக்கமிருந்து படகின் ஊதல் கேட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அந்த நாள் அமைதியாக இருந்ததால் தெளிவாகக் கேட்டது. ஊர் இருந்த நிலைமையில் அன்று மாலை நாலு மணிக்கே அடக்கம் என்று முடிவாயிற்று. உன் அப்பா, "மச்சானுக்கு?" என்று கேட்டார். "படகு ஓடலைங்க" என்றேன். வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு சைக்கா பிடித்துத் துறைக்கு ஆள் அனுப்பியிருந்தால் பத்து மணிக்குள் அண்ணன் வந்திருப்பார். அனுப்பவில்லை. நீ வயிற்றில் இருந்தாய், களைப்பு, பயம் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை காரணம் இல்லை. இரண்டு வருடம் நான் தூக்கிச் சுமந்தவருக்குக் கடைசி மண் போட அண்ணன் வந்து நிற்பார், எல்லாரும் மூத்த மகன் வந்துவிட்டான் என்று வழிவிடுவார்கள், நான் பின்னால் நிற்பேன். அது எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரியதாக ஒன்றுமில்லை.

கல்லறையில் மூப்பர் தானியேலின் கையைப் பிடித்துக்கொண்டு டொமினி ஐயா வந்தார். குழியருகே நின்று, "மூத்த மகன் வந்துவிட்டானா, மகளே?" என்றார்.

"படகு ஓடலை ஐயா."

"அப்படியா" என்றார். தொடங்காமல் நின்றார். "ஐயா, மழை வருது" என்றார் தானியேல். "வரட்டும். இன்னும் சிறிது நேரம் பார்ப்போம்." அந்தக் கால் மணி நேரமும் அவர் முகம் ஆறு இருக்கும் பக்கம் திரும்பியிருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து அண்ணன் வந்தார். யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. வாசலில் நின்றே கேட்டார்.

"எனக்குச் சொல்லக் கூடாதா?"

"படகு ஓடலையே அண்ணா."

"என்னைக்கு?"

"புதன்கிழமை."

அவர் என்னைப் பார்த்தார். "புதன்கிழமை காலையில அந்தப் படகுலதான் மா தின்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு தெரு தள்ளி சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்." நான் கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். புயலுக்குப் பிறகுதான் அந்தப் படிக்கட்டில் மறுபடியும் கால் வைத்தார். ஆகவே நீ அவரிடம் கேட்டபோது, பதில் அவருக்குத் தெரியும். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் அவன் அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல், பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் வீடு சந்திப்புக்கு நம் வீட்டுக்கும் வந்தார்கள். டொமினி ஐயா எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "பகை ஒன்றும் இல்லை ஐயா. படகு ஓடாததால அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்" என்றேன். தலையசைத்தார். மறுநாள் நான் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நம் வீடு வந்ததும் குரலை மாற்றாமல் சொன்னார்:

"எழுது. இந்த வீட்டின் மகள் தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அன்று படகு ஓடியது. டாலாவிலிருந்து மீன் கொண்டுவரும் டோ மியா அன்று காலை எட்டு மணிக்கு என் வாசலில் விலை பேசினாள். மகள் தானாகச் சொல்லும்வரை காத்திருக்கிறேன்."

அவர் எனக்குத்தான் சொல்கிறார் என்று தெரியாமல் இல்லை. மூப்பருக்கு முன்னால் என்னை வெட்கப்படுத்தாமல், எழுதுகிற சாக்கில் சொன்னார். நான் செய்ததைக் கேள். 'சமாதானம் உண்டு' என்று இரண்டு வார்த்தை எழுதினேன். "வாசி" என்றார். அவர் சொன்ன நாலு வாக்கியத்தையும் ஒரு வார்த்தை பிசகாமல் மனத்திலிருந்து ஒப்பித்தேன். "சரி" என்றார். அவர் விரலைப் பிடித்துப் பக்கத்தின் அடியில் வைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடத்தோடு போகவில்லை. எட்டு வருடம். ஒவ்வொரு வருடமும் நம் வீடு வரும்போது, "காத்திருக்கிறேன் என்று எழுது" என்பார். நான் 'சமாதானம் உண்டு' என்று எழுதுவேன். "காத்திருக்கிறேன்" என்று வாசிப்பேன். திருவிருந்து அன்று அவர் என் கையைத் தடவித் தேடி அப்பத்தை வைப்பார். என்னை அவர் ஒரு தடவைகூடப் பந்தியிலிருந்து விலக்கவில்லை. விலக்கியிருந்தால் கோபப்பட்டு, அழுது, ஒருவேளை சொல்லியிருப்பேன். மற்றபடி நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். உன்னைத் தூக்கிக்கொண்டு போனால் உன் காலைப் பிடித்துப் பார்த்து, "இவன் கப்பலில் ஏறுவான்" என்பார். ஒரு பொய்யை வைத்துக்கொண்டு சாதாரணமாக வாழ முடியாது என்று சொல்வார்கள். முடியும். நான் வாழ்ந்தேன், நன்றாகவே வாழ்ந்தேன். அது சிக்கியது என் தூக்கத்தில் இல்லை, உன் வாயில். நான் உனக்கு அவரை வெறுக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. நீ வெறுத்தபோது எனக்கு வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

கடைசி வருடம் ஐயா படுக்கையில் இருந்தார். தானியேல் மட்டும் வீடு வீடாகப் போய்வந்து சொன்னதை, ஐயா சுருக்கமாகச் சொல்ல, நான் எழுதினேன். நம் வீடு வந்தபோது, "நீயே எழுது, மகளே" என்றார். எழுதினேன். "வாசி." ஒப்பிக்க ஒன்றும் இல்லை. இருந்ததை வாசித்தேன்.

"சமாதானம் உண்டு."

தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, "இத்தனை வருடமும் இப்படித்தான் எழுதினாயா?" என்றார்.

"ஆமா ஐயா."

"கீழே என் கையெழுத்து இருக்கிறதே."

சற்றுக் கழித்து, "இரண்டு வரி இடம் விட்டிருக்கிறாயா?" என்றார்.

"விட்டிருக்கேன் ஐயா. எல்லா வருஷமும்."

"சரி" என்றார். பெப்பர்மிண்ட் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பத்து நாளில் போய்விட்டார்.

பதினாலு வருடமாக அந்தப் பெட்டிகளுக்கு நான் நாப்தலீன் உருண்டை போடுகிறேன், மழை முடிந்ததும் வெயிலில் காய வைக்கிறேன். அந்த நோட்டை மட்டும் திறந்ததில்லை. போன மாதம் ஐயாவின் அக்கா பேத்தி டச்சு நாட்டிலிருந்து எழுதியிருக்கிறாள். அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறாளாம். டிசம்பரில் ஆள் வந்து காகிதங்களை எல்லாம் எடுத்துப் போவார்கள், அங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில் வைப்பார்கள். சம்மதம் என்று எழுதிவிட்டேன். அதற்கு முன்பே நம் போதகர் நான் இல்லாத நேரத்தில் நோட்டின் சில பக்கங்களைப் படம் எடுத்து, மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறார், நல்ல எண்ணத்தில்தான். நம் வீட்டுப் பக்கங்களைத்தான் எடுத்திருக்கிறார், எனக்குப் பெருமை என்று நினைத்து. அதே கடிதத்தில் அந்தப் பெண் எழுதுகிறாள்: 'அவருக்குக் கண்ணாக இருந்தவரின் வீட்டில் வருடந்தோறும் சமாதானம் இருந்தது என்று அவரே பதிந்திருக்கிறார். அந்த வரியோடு அத்தியாயத்தை முடிக்க விரும்புகிறோம்.' கடிதத்தை மடித்துச் சமையலறை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். மூன்று வாரமாக அங்கேதான் இருக்கிறது.

உனக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனாலும் அம்மா என்பதால் ஒன்று சொல்கிறேன். பட்டறையில் உன்னோடு தங்கப்போகிறவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனால், அவன் வீட்டுக்கு அன்றைக்கே சொல்லிவிடு. அவன் உனக்குப் பிடித்தவனா, அவன் வீட்டார் வரத் தகுதியானவர்களா என்று பார்க்காதே. அதைத் தீர்மானிக்கிற வேலை உனக்கு வர வேண்டாம். எனக்கு ஒரு புதன்கிழமை காலையில் அந்த வேலை கைக்கு வந்தது, நான் எடுத்துக்கொண்டேன்.

உன் பத்திரத்தில் மற்ற எல்லாம் எழுதியாயிற்று. அந்த ஒரு வரிக்கான இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். அது காலியாக இருப்பது உன் குற்றம் இல்லை. ஆனால் படிக்கட்டில் நீ சொன்னது உன்னுடையது, அதை என்ன செய்வது என்று நீதான் யோசிக்க வேண்டும். உன்னை நான் கூட வரச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நான் டாலாவுக்குப் போகிறேன். நோட்டையும் பேனாவையும் எடுத்துப் போவேன். அண்ணன் முன்னால் உட்கார்ந்து, ஐயா சொன்ன நாலு வாக்கியத்தையும், எட்டு வருடத்துக் 'காத்திருக்கிறேன்' எல்லாவற்றையும், விட்டு வைத்த இடங்களில் எழுதி, கீழே என் பெயரைப் போடப்போகிறேன். இந்தத் தடவை அவருக்கு வாசித்துக் காட்டுவேன், எழுதியிருப்பதை. அவர் என்னை உள்ளே விடுகிறாரோ, வாசலிலேயே நிறுத்துகிறாரோ, தெரியாது. அதன் பிறகுதான் பெட்டிகள் டச்சு நாட்டுக்குப் போகும், அந்த நோட்டும் சேர்ந்து. உன் அப்பாவிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை.

முதல் படகு அதிகாலையிலேயே இருக்கிறது. நேற்றுத் துறைக்குப் போய் விசாரித்துவிட்டேன். ஓடும் என்றார்கள்.

அம்மா